பதிவிறக்கிய கோப்பு தவறான பின்னொட்டுடன் வந்தால் என்ன செய்வது?

தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் இருந்தபோது, தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் பந்தல் போடும் எங்கள் குழுவின் பதாகையை பினாங்கின் ஜார்ஜ் டவுனில் ஓர் அச்சுக்கடையில் கொடுத்திருந்தோம். மறுநாள் கடையிலிருந்து அழைப்பு வந்தது. “அண்ணே, நீங்க அனுப்புன வேல் படம் திறக்கவே மாட்டேங்குது. பேரு ஜேபிஜின்னு இருக்கு, ஆனா உள்ள இருக்கறது ஜேபிஜி இல்ல,” என்றார் அங்கு வேலை செய்யும் தம்பி. அவர் சொன்னது சரி. படத்தை இலவசப் படத் தளம் ஒன்றிலிருந்து இறக்கிய எங்கள் உறுப்பினர், அது ‘வெப்பி’ என்ற பின்னொட்டுடன் வந்திருப்பதைக் கண்டு, உலாவிதான் தவறாகச் சேமித்துவிட்டது என்று எண்ணி, பெயரை மட்டும் ஜேபிஜி என்று மாற்றி அனுப்பியிருந்தார். உண்மையில் உலாவி சரியாகத்தான் பெயரிட்டிருந்தது. தவறான பின்னொட்டைப் போட்டது நாங்கள்.

செபராங் பிறையில் ஒரு தமிழ்ப்பள்ளியின் கணினி அறையையும் நான் கவனித்து வருகிறேன். பெற்றோரும் ஆசிரியர்களும் ‘கோப்பு திறக்கவில்லை’ என்று கொண்டுவரும்போது, நான் முதலில் கேட்டுக்கொள்வது ஒன்றே: பெயரை மாற்ற வேண்டாம். பின்னொட்டு, அதாவது எக்ஸ்டென்ஷன், பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் அடையாளம் மட்டுமே. அதை மாற்றினால் கோப்பின் உள்ளே ஒரு பைட்டும் மாறாது. ஆகவே முதலில் உள்ளே இருப்பது என்ன என்று அறிய வேண்டும். பிறகு தவறான பெயரைக் கொடுத்தது யார் என்று தேட வேண்டும். அதன் பின்னரே பெயரில் கை வைக்க வேண்டும்.

முதலில் பின்னொட்டைக் கண்ணால் பாருங்கள்

விண்டோஸ், தனக்குத் தெரிந்த கோப்பு வகைகளின் பின்னொட்டை இயல்பாகவே மறைத்து வைத்திருக்கும். அதனால் ‘படிவம்.பிடிஎஃப்’ என்று மட்டும் திரையில் தெரியும் கோப்பின் முழுப் பெயர் ‘படிவம்.பிடிஎஃப்.எச்டிஎம்’ என்று இருக்கக்கூடும். விண்டோஸ் 11இல் ஃபைல் எக்ஸ்புளோரரைத் திறந்து, ‘வியூ’, ‘ஷோ’ ஆகியவற்றின் வழியே சென்று ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 10இல் அது ‘வியூ’ பட்டையிலேயே ஒரு சிறு பெட்டியாக இருக்கும். மேக் கணினியில் ஃபைண்டரின் அமைப்புகளில் ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் எல்லாப் பின்னொட்டுகளையும் காட்டும்படி செய்யலாம். இதைச் செய்யாமல் மேலே போவதில் பயனில்லை.

பின்னொட்டு ‘சிஆர்டவுன்லோட்’ என்று இருந்தால் அது குரோமில் முடிவடையாத பதிவிறக்கம். ‘பார்ட்’ என்று இருந்தால் ஃபயர்ஃபாக்ஸிலும், ‘டவுன்லோட்’ என்று இருந்தால் சஃபாரியிலும் பாதியில் நின்றது. இவற்றுக்குப் பெயர் மாற்றுவது தீர்வாகாது. மீண்டும் முழுமையாக இறக்க வேண்டும்.

கோப்பின் முதல் சில எழுத்துகள்

பெரும்பாலான கோப்பு வகைகள் தம் தொடக்கத்தில் ஒரு கையெழுத்தை வைத்திருக்கின்றன. அதைக் காணத் தனி மென்பொருள் தேவையில்லை. நோட்பேடைத் திறந்து, கோப்பை இழுத்து அதில் விடுங்கள். பெரும்பகுதி புரியாத குறிகளாகவே தெரியும். முதல் வரியை மட்டும் பாருங்கள். பார்த்து முடித்ததும் சேமிக்காமல் மூடிவிட வேண்டும், ஏனெனில் நோட்பேடில் சேமித்தால் நல்ல கோப்பும் கெட்டுப்போகும்.

சதவீதக் குறியும் அதையடுத்து ‘பிடிஎஃப்’ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் இருந்தால், பெயர் எதுவாயினும் அது பிடிஎஃப்தான். முதல் எழுத்துக்கு அடுத்து ‘பிஎன்ஜி’ என்று வந்தால் அது பிஎன்ஜி படம். தொடக்கக் குறிகளுக்குச் சற்றுத் தள்ளி ‘ஜேஎஃப்ஐஎஃப்’ அல்லது ‘எக்ஸிஃப்’ என்று தெரிந்தால் பெரும்பாலும் ஜேபெக், அதாவது ஜேபிஜி, படம். ‘ஆர்ஐஎஃப்எஃப்’ என்று தொடங்கிச் சில குறிகளுக்குப் பின் ‘வெப்பி’ என்ற சொல் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் வந்தால் அது வெப்பி. எங்கள் வேல் படத்தில் இருந்தது இதுவே. முதல் இரண்டு எழுத்துகள் ‘எம்’, ‘இசட்’ என்று இருந்தால் அது விண்டோஸில் ஓடும் நிரல். ஆவணம் என்று நம்பி இறக்கியிருந்தால் உடனே அழித்துவிடுங்கள்.

‘பி’, ‘கே’ என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கும் கோப்புகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஜிப் வடிவத்தை உருவாக்கிய ஃபில் கட்ஸின் பெயர் முதலெழுத்துகள் அவை. 2007ஆம் ஆண்டு ஆஃபிஸ் முதல் வேர்டின் டாக்எக்ஸ், எக்செலின் எக்ஸ்எல்எஸ்எக்ஸ், பவர்பாய்ண்டின் பிபிடிஎக்ஸ் மூன்றும் உண்மையில் ஜிப் பொட்டலங்களே. ஆண்ட்ராய்டு செயலியின் ஏபிகேயும் அப்படியே. இதனால்தான், கோப்பை அனுப்பும் தளத்தின் கணினியான சர்வர் அதன் வகையைச் சரியாகச் சொல்லாதபோது, உள்ளே எட்டிப் பார்க்கும் உலாவி ‘இது ஜிப்’ என்று முடிவு செய்து, ஆசிரியர் அனுப்பிய வேர்டு ஆவணத்துக்கு ஜிப் என்று பெயரிட்டுவிடும். பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் இது அன்றாடத் தொல்லையாக இருந்தது. அத்தகைய கோப்பைப் பிரித்துவிடாமல், செவன்-ஜிப் போன்ற மென்பொருளில் திறந்து மட்டும் பாருங்கள். உள்ளே ‘வேர்ட்’ என்ற உறை (ஃபோல்டர்) இருந்தால் டாக்எக்ஸ் என்றும், ‘எக்ஸ்எல்’ என்ற உறை இருந்தால் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்றும், ‘பிபிடி’ என்ற உறை இருந்தால் பிபிடிஎக்ஸ் என்றும் பெயர் மாற்றலாம். இங்கே பெயர் மாற்றுவது சரியான தீர்வு, ஏனெனில் உள்ளடக்கம் தொடக்கம் முதலே அதுதான்.

‘ஆண்ட்ராய்டு மேனிஃபெஸ்ட்’ என்ற கோப்பு உள்ளே இருந்தால் அது கைப்பேசிச் செயலி. மலேசியாவில் திருமண அழைப்பிதழ் என்று சொல்லி வாட்ஸ்அப் வழியே ஏபிகே கோப்புகளை அனுப்பி, நிறுவியவர்களின் வங்கிக் கணக்கைக் காலி செய்யும் மோசடி நடந்திருக்கிறது. அழைப்பிதழ் படமாகவோ பிடிஎஃப்பாகவோதான் வரும். எவ்வளவு நெருங்கிய உறவினரின் எண்ணிலிருந்து வந்தாலும் ஏபிகேயைத் திறக்க வேண்டாம். திறந்து பணம் போயிருந்தால் தாமதிக்காமல் வங்கியையோ, தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணையோ அழையுங்கள்.

பிடிஎஃப்பைத் திறந்தால் இணையப் பக்கம்

நான் அதிகமாகக் காணும் கோளாறு இதுவே. மாணவர் ஒருவர் கல்விக்கடன் படிவத்தையோ வரவேற்புக் கடிதத்தையோ இறக்குகிறார். பெயரில் பிடிஎஃப் என்று இருக்கிறது. படிக்கும் மென்பொருளோ ‘கோப்பு சிதைந்துள்ளது’ என்கிறது. நோட்பேடில் பார்த்தால் கோணக்குறிக்குள் ‘டாக்டைப் எச்டிஎம்எல்’ என்று தொடங்கும். அளவும் சில கிலோபைட்டுகள்தான் இருக்கும். நடந்தது என்னவென்றால், உள்நுழைந்து வெகு நேரம் ஆனதால் தளம் அவரை வெளியேற்றிவிட்டது. அவர் பதிவிறக்கப் பொத்தானை அழுத்தியபோது சர்வர் ஆவணத்துக்குப் பதிலாக உள்நுழைவுப் பக்கத்தை அனுப்பியது. அந்தப் பக்கம் பிடிஎஃப் பெயரில் சேமிக்கப்பட்டது. நோட்பேடில் கொஞ்சம் கீழே இறங்கினால் கடவுச்சொல் கேட்கும் வரிகளைக்கூடப் பார்க்கலாம். இந்தக் கோப்பை என்ன பெயரிட்டாலும் படிவம் கிடைக்காது. வெளியேறி, மறுபடி உள்நுழைந்து, உடனே இறக்க வேண்டும்.

இதே விளைவு வேறு இரண்டு வழிகளிலும் வரும். ஒன்று, இணைப்பின் மீது வலச்சொடுக்கி ‘சேவ் லிங்க் அஸ்’ கொடுப்பது. அந்த இணைப்பு ஆவணத்துக்கு அல்லாமல் ஆவணத்தைக் காட்டும் பக்கத்துக்குப் போவதாக இருந்தால், பக்கம்தான் சேமிக்கப்படும். இணைப்பை இயல்பாகச் சொடுக்கித் திறந்து, உள்ளே உள்ள பதிவிறக்கப் பொத்தானைப் பயன்படுத்துங்கள். மற்றொன்று, பதிவிறக்கத்தை விரைவுபடுத்துவதாகச் சொல்லும் துணைநிரல்கள். அவை உலாவியிடமிருந்து வேலையை வாங்கித் தாமே சர்வரை அழைக்கும்போது, நீங்கள் உள்நுழைந்ததற்கான குக்கி என்ற சிறு அடையாளக் குறிப்பு உடன் செல்லாமல் போகலாம். சர்வர் யாரோ வேற்றாள் என்று எண்ணி உள்நுழைவுப் பக்கத்தைத் தரும். குரோமில் இன்காக்னிடோ சாளரத்தில் துணைநிரல்கள் இயல்பாக இயங்கா. ஃபயர்ஃபாக்ஸில் ‘டிரபிள்ஷூட் மோட்’ உள்ளது. அங்கே சரியாக இறங்கினால் குற்றம் துணைநிரலுடையது.

எக்செல் கோப்பிலும் இதற்கு நெருங்கிய ஒரு கோளாறு உண்டு. இணைய வழி அறிக்கைகள் தரும் சில தளங்கள், எச்டிஎம்எல் அட்டவணை ஒன்றை உருவாக்கி அதற்கு ‘எக்ஸ்எல்எஸ்’ என்று பெயர் சூட்டி அனுப்பும். அதைத் திறக்கும்போது கோப்பின் வடிவமும் பின்னொட்டும் பொருந்தவில்லை என்று எக்செல் எச்சரிக்கும். நம்பிக்கையான தளத்திலிருந்து நீங்களே இறக்கியதாக இருந்தால் திறந்து, ‘சேவ் அஸ்’ மூலம் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

படங்கள்: ஜேஎஃப்ஐஎஃப், வெப்பி

இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்புவோர் மிகப் பலர். ஜேஎஃப்ஐஎஃப் என்பது ஜேபெக் படத்தை அடைத்து வைக்கும் வழக்கமான முறையின் பெயர். நாம் ஜேபிஜி என்று அழைக்கும் படங்களில் எண்ணற்றவை உள்ளே ஜேஎஃப்ஐஎஃப்தான். ஆகவே கடப்பிதழ் அளவுப் படம் ஜேஎஃப்ஐஎஃப் என்று இறங்கி, விண்ணப்பத் தளம் அதை ஏற்க மறுத்தால், பின்னொட்டை ஜேபிஜி என்று மாற்றி அனுப்பலாம். எந்தத் தீங்கும் இல்லை.

ஒவ்வொரு முறையும் இப்படி மாற்றுவது அலுப்பாக இருந்தால் மூலத்தைச் சரிசெய்யலாம். ஜேபெக் என்று சர்வர் சொல்லும் வகைக்கு என்ன பின்னொட்டு இட வேண்டும் என்பதை உலாவி விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் கேட்டுப் பெறுகிறது. சில கணினிகளில் அங்கே ஜேஎஃப்ஐஎஃப் என்று எழுதியிருக்கும். விண்டோஸ் விசையையும் ‘ஆர்’ விசையையும் சேர்த்து அழுத்தி ‘ரெஜ்எடிட்’ என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். ‘எச்கீ கிளாசஸ் ரூட்’ என்பதன் கீழ் ‘மைம்’, அதன் கீழ் ‘டேட்டாபேஸ்’, அதன் கீழ் ‘கன்டென்ட் டைப்’, அதன் கீழ் ‘இமேஜ்/ஜேபெக்’ என்று வரிசையாகச் செல்லுங்கள். ‘ஃபைல்’ பட்டியலில் ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்து ஒரு நகலை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த இடத்தில் அவசரம் கூடாது. பிறகு வலப்புறத்தில் ‘எக்ஸ்டென்ஷன்’ என்பதை இருமுறை சொடுக்கி, புள்ளியை விட்டுவிடாமல், மதிப்பை ஜேபிஜி என மாற்றி, உலாவியை மூடித் திறக்க வேண்டும். அங்கே வேறு எதையும் தொட வேண்டியதில்லை.

வெப்பியின் கதை வேறு. கூகுள் 2010இல் அறிவித்த அந்த வடிவம் ஜேபெக்கிலிருந்து முற்றிலும் மாறுபட்டது. உலாவி வெப்பியை ஏற்கும் என்று அறிந்தால், முகவரியில் ஜேபிஜி என்று இருந்தாலும் சர்வர் வெப்பியையே அனுப்புவதுண்டு, ஏனெனில் அதன் அளவு சிறியது. எனவே அதைப் பெயர் மாற்றாமல், உருமாற்ற வேண்டும். கிம்ப் 2.10 என்ற இலவசப் பட மென்பொருளில் திறந்து ‘எக்ஸ்போர்ட் அஸ்’ மூலம் ஜேபிஜியாக எடுக்கலாம். போட்டோஷாப் 2022 பிப்ரவரியில் வந்த 23.2 பதிப்பு முதல் வெப்பியைத் தானே திறக்கிறது. எங்கள் பதாகைக்கு அச்சுக்கடைத் தம்பி பழைய பெயரைத் திரும்ப இட்டு, கிம்பில் திறந்து, ஐந்து நிமிடத்தில் வேலையை முடித்துத் தந்தார்.

பெயரைக் கொடுப்பது யார்?

நோட்பேடில் உள்ளடக்கம் சரியாக இருந்து பெயர் மட்டும் தவறாக இருக்கிறது என்று உறுதியான பின்பே இந்தக் கேள்விக்கு வர வேண்டும். ஒரு கோப்பு இறங்கும்போது சர்வர் முன்கூட்டியே சில தலைப்பு வரிகளை அனுப்புகிறது. ‘கன்டென்ட் டைப்’ என்ற வரி வகையைச் சொல்லும். மின்னஞ்சல் இணைப்புகளுக்காக நத்தானியல் போரன்ஸ்டீனும் நெட் ஃபிரீடும் 1992இல் வகுத்த மைம் முறையையே இணையமும் எடுத்துக்கொண்டது. ‘கன்டென்ட் டிஸ்பொசிஷன்’ என்ற வரி, சேமிக்க வேண்டிய பெயரைச் சொல்லும். இந்தப் பெயர் இல்லாவிட்டால் உலாவி முகவரியின் கடைசித் துண்டை எடுத்துக்கொள்ளும், முகவரி ‘டவுன்லோட்.பிஎச்பி’ என்று முடிந்தால், அந்தப் பெயரிலேயே கோப்பு வந்து சேரக்கூடும். வகையும் தெரியாமல் பெயரும் இல்லாமல் போனால், ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ‘டவுன்லோட்ஃபைல்.பின்’ என்று வரும். இவ்விரண்டும் உள்ளே நல்ல பிடிஎஃப்பாகவே இருக்க வாய்ப்பு அதிகம். பார்த்து உறுதி செய்துகொண்டு பெயரை மாற்றலாம்.

உலாவியின் பங்கை அறிய எளிய வழி, அதே கோப்பை வேறோர் உலாவியிலும் இறக்கிப் பார்ப்பதே. இரண்டிலும் ஒரே தவறு வந்தால் சர்வரைச் சந்தேகியுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் மட்டும் பெயர் பாதியில் அறுந்து வந்தால், அதுவும் பெரும்பாலும் சர்வரின் பிழையே. ‘போராங் பெர்மோஹோனான்.பிடிஎஃப்’ (மலாயில் விண்ணப்பப் படிவம்) என்று இடைவெளி உள்ள பெயரை மேற்கோள் குறிக்குள் இடாமல் சர்வர் அனுப்பினால், குரோம் முழுப் பெயரையும் எடுத்துக்கொள்ளும்; ஃபயர்ஃபாக்ஸ் நெடுங்காலமாக விதிப்படி முதல் இடைவெளியில் நிறுத்திவிடும் வழக்கம் உடையது. அப்போது வெறும் ‘போராங்’ மட்டும், பின்னொட்டும் இன்றி, வந்து நிற்கும்.

ஃபயர்ஃபாக்ஸில் மட்டும், அதுவும் பல தளங்களிலிருந்து வரும் ஒரே வகைக் கோப்பு தவறாகக் கையாளப்பட்டால், அது கோப்பு வகைகளைக் குறித்து வைத்திருக்கும் ‘ஹேண்ட்லர்ஸ்.ஜேசன்’ என்ற கோப்பு கெட்டிருக்கலாம். ‘ஹெல்ப்’ பட்டியலில் ‘மோர் டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்’ பக்கத்துக்குச் சென்று புரொஃபைல் உறையைத் திறந்து, ஃபயர்ஃபாக்ஸை முழுவதும் மூடிவிட்டு, அந்தக் கோப்புக்கு வேறு பெயர் இட்டுவிடுங்கள். அடுத்த முறை திறக்கும்போது புதிதாக ஒன்று உருவாகும்.

எந்த உலாவியானாலும், சேமிக்கும் இடத்தை ஒவ்வொரு முறையும் கேட்கும்படி அமைத்துக்கொள்வதை நான் எல்லாருக்கும் வற்புறுத்திச் சொல்வேன். சேமிப்பதற்கு முன்பே முழுப் பெயரும் கண்ணில் படும். தவறு இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

தளத்தை நடத்துவோர் செய்ய வேண்டியது

சங்கத்துக்கோ ஆலயத்துக்கோ பள்ளிக்கோ இணையத்தளத்தைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர்கள் நம்மிடையே பலர். அவர்கள் எஃப்12 விசையை அழுத்தி, ‘நெட்வொர்க்’ பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு தங்கள் கோப்பை இறக்கினால், மேலே சொன்ன இரண்டு தலைப்பு வரிகளையும் நேரில் காணலாம். டாக்எக்ஸ் கோப்புக்கு ‘ஜிப்’ என்றோ ‘ஆக்டெட் ஸ்ட்ரீம்’ என்றோ வகை வந்தால், சர்வர் மென்பொருள் அப்பாச்சியானால் ‘ஆட்டைப்’ கட்டளையாலும், எஞ்ஜினெக்ஸானால் ‘மைம் டைப்ஸ்’ கோப்பிலும் சரியான வகையைச் சேர்க்க வேண்டும். ‘நோஸ்னிஃப்’ தலைப்பை வைத்திருப்போர் வகையில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும், ஏனெனில் நீங்கள் தவறாகச் சொன்ன வகையைத் திருத்திக்கொள்ளும் உரிமையை அது உலாவியிடமிருந்து பறிக்கிறது. பெயரை எப்போதும் இரட்டை மேற்கோள் குறிக்குள் இடுங்கள். நிரலில் மேற்கோள் குறியும் பெயரின் பகுதியாகவே போய்விட்டால், குரோம் அதை அடிக்கோடாக மாற்றிவிடும். பின்னொட்டின் வாலில் ஓர் அடிக்கோடு ஒட்டிக்கொண்டு, கோப்பு எதிலும் திறக்காமல் போகும்.

தமிழ்ப் பெயர்களுக்குத் தனிக் கவனம் தேவை. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் எடுக்கும். இணைய முகவரிகளில் வருவதுபோல் சதவீதக் குறியீடாக எழுதினால் 9 எழுத்தாகும். ‘திருக்குறள்’ என்ற சொல்லில் மெய்ப்புள்ளியும் உயிர்க்குறியும் சேர்த்து 11 குறியீடுகள், 33 பைட், சதவீத வடிவில் 99 எழுத்து. லினக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் ஒரு பெயர் பொதுவாக 255 பைட்டுக்கு மேல் போகக்கூடாது. எங்கள் குழுவின் பக்கத்தில் ‘தைப்பூசத் தண்ணீர்ப்பந்தல் கணக்கறிக்கை’ என்று ஒரு பிடிஎஃப்பை ஏற்றியிருந்தோம். சதவீத வடிவிலேயே சேமிக்கப்பட்டால் அந்தப் பெயர் மட்டும் 321 எழுத்து. நீளம் மிகும்போது வெட்டுப்படுவது கடைசிப் பகுதி, அதாவது பின்னொட்டு. பல உறுப்பினர்களின் கைப்பேசியில் அது பெயர் அறுந்து, திறக்க முடியாத கோப்பாகவே போய்ச் சேர்ந்தது.

இதற்கான முறையை 2011இல் வெளியான ஆர்எஃப்சி 6266 என்ற இணையத் தர ஆவணம் சொல்கிறது. ‘ஃபைல்நேம்’ என்பதில் எளிய ரோமன் எழுத்துப் பெயர் ஒன்றையும், நட்சத்திரக் குறியிட்ட ‘ஃபைல்நேம்’ என்பதில் யூடிஎஃப்-8 என்று அறிவித்துத் தமிழ்ப் பெயரையும், இரண்டிலும் பின்னொட்டோடு கொடுக்க வேண்டும். புதிய உலாவிகள் தமிழ்ப் பெயரை எடுத்துக்கொள்ளும். அறியாதவை ரோமன் பெயரை எடுத்துக்கொள்ளும். நாங்கள் தமிழ்ப் பெயரைப் ‘பந்தல் கணக்கு’ என்று சுருக்கி, இரண்டு வடிவிலும் கொடுத்து, குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஓர் ஆண்ட்ராய்டு கைப்பேசி, ஓர் ஐபோன் ஆகிய நான்கிலும் இறக்கிப் பார்த்த பிறகே இணைப்பை உறுப்பினர்களுக்கு மறுபடி அனுப்பினோம்.